பழுத்த பழம், சுட்ட கேக், ஒரு ஃப்ரீசர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நன்றாகப் பழுத்த வாழைப்பழங்களைத் தோலோடு ஃப்ரீசரில் வைத்தேன். தோல் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. வெளியே எடுத்து வைத்ததும் கொழகொழவென்று நீர் விடுகிறது. தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். கேக்குக்கு இதைவிட நல்ல பழம் கிடைக்காது. தோலில் உள்ள நொதிகள்தான் அந்தக் கறுப்புக்குக் காரணம். பழம் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. நீர் விடுவதும் இயல்புதான். பழத்துக்குள் இருக்கும் நீர் உறையும்போது பனிப்படிகங்களாகிச் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருகியதும் அந்த நீர் தங்க இடமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. அதைக் கொட்டிவிடாதீர்கள், இனிப்பும் மணமும் அதில்தான் இருக்கின்றன. சிறு தீயில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் கேக் மாவில் சேர்த்துப் பாருங்கள், வாசனையே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த முறை தோலை உரித்துவிட்டு வையுங்கள். உறைந்த தோலை உரிப்பது விரலுக்குத் தண்டனை. நான் மசித்தே வைத்துவிடுவேன்: ஒரு கேக்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஒரு பையில், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, தட்டையாகப் பரப்பி. தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். பையின் மேல் அளவையும் தேதியையும் எழுதிவிடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் வைப்பதானால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். நான் ஒருமுறை நிரப்பி வைத்த பாட்டில் வெடித்து, மொத்தப் பழக்கூழையும் கண்ணாடித் துண்டுகளுக்குப் பயந்து கொட்ட வேண்டியதாயிற்று.

கேள்வி: மாம்பழத் துண்டுகளும் ஸ்ட்ராபெர்ரியும் ஒரே பாறையாக ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

பதில்: கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி முதலில் உறையவிடுங்கள். கல்லாக ஆனபின் பையில் போட்டால் தனித்தனியாக எடுக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து பழத்தைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் சிறிதாகவே இருக்கும். 1910-களில், இன்றைய கனடாவிலுள்ள லாப்ரடாரில் வசித்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ (Birdseye) என்ற அமெரிக்கர், கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன் உருகிய பிறகும் புதிதாகவே இருப்பதைக் கண்டார். அங்கிருந்த இனுவிட் மக்களுக்கு அது பழகிய வழக்கம். பின்னாளில் அவர் உருவாக்கிய உறைபதனத் தொழிலுக்கு அதுதான் வித்து. வீட்டு ஃப்ரீசரில் அந்த வேகம் வராது. ஆனால் மைனஸ் 18 டிகிரியில் வைத்து, ஒரே நேரத்தில் நிறையத் திணிக்காமல் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

கேள்வி: பழத்தின் ஒரு ஓரத்தில் பூஞ்சை. அதை மட்டும் வெட்டிவிட்டு உறையவைக்கலாமா?

பதில்: கூடாது. மென்மையான பழத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கும். ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது, அவ்வளவுதான். பாதி பழுத்ததையும் வைக்காதீர்கள். உருகிய பிறகு அது பழுக்கப் போவதில்லை. இன்றே சாப்பிட்டால் அருமையாக இருக்கும் என்று தோன்றுகிற நாள்தான் உறையவைக்க வேண்டிய நாள்.

கேள்வி: ஆப்பிள் துண்டுகள் பழுப்பாகிவிடுகின்றன.

பதில்: நறுக்கியதும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் புரட்டி எடுத்து, துடைத்து வையுங்கள்.

கேள்வி: மஃபின் மாவில் உறைந்த புளூபெர்ரி போட்டால் மாவெல்லாம் நீலமாகிறது. முதலில் உருகவிட வேண்டுமா?

பதில்: உருகவிட்டால் நிறம் இன்னும் அதிகமாக இறங்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, கொஞ்சம் உலர்ந்த மாவில் புரட்டி, கடைசியாகச் சேர்த்து இரண்டு மூன்று முறை மட்டும் கிளறுங்கள். மாவு குளிர்ந்துவிடும் என்பதால் ஓவனில் சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்படும்.

கேள்வி: வீட்டில் சுட்ட பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே வறண்டுவிடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் மோசமாகாதா?

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. ஈரம் போவதால் மட்டும் பிரெட் வறள்வதில்லை. சூட்டில் நீரை உறிஞ்சி இளகிய ஸ்டார்ச், ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுகுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது ஃப்ரிட்ஜுக்குள்தான், இது மிக வேகமாக நடக்கும். நன்றாக உறைந்த நிலையில் கிட்டத்தட்ட நின்றே போகும். அதனால் பிரெட்டுக்கு மேசை அல்லது ஃப்ரீசர். நடுவில் உள்ள ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

முழுதாக ஆறியபின் துண்டு போட்டு, இறுகச் சுற்றி வையுங்கள். சூடு இருக்கும்போதே சுற்றினால் ஆவி உள்ளேயே பனியாகப் படிந்து, பின்னால் ஈரப்பிசுபிசுப்பாகும். துண்டுகளை உருகவிடாமல் நேராக டோஸ்டரில் போடலாம். கேக்கும் இப்படித்தான், ஆனால் உருகவிடும்போது சுற்றிய உறையைப் பிரிக்காதீர்கள். காற்றின் ஈரம் உறையின் மேல் படியட்டும், கேக்கின் மேல் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. பட்டர்கிரீம் பூசிய கேக் தாங்கும். முட்டை வெள்ளைக்கரு நுரைப்பூச்சும் கஸ்டர்டும் உருகியதும் நீர் விட்டுப் பிரிந்துவிடும்.

கேள்வி: சுட்ட பிறகு உறையவைப்பதா, மாவாகவே வைப்பதா?

பதில்: குக்கீ என்றால் மாவாகத்தான். உருண்டைகளாகப் பிடித்து உறையவைத்து, வேண்டும்போது நாலைந்தை எடுத்து அப்படியே ஓவனில் வையுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக. திடீரென்று யாராவது வந்தால் இதைப் போல் கைகொடுப்பது வேறில்லை. கேக் மாவை நான் வைக்க மாட்டேன். பேக்கிங் சோடா ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், பிறகு கேக் சரியாக எழும்பாது. சுட்டுவிட்டு வையுங்கள்.

கேள்வி: பழத்தின் மேல் வெள்ளையாக, காய்ந்தாற்போல் திட்டுகள். ஆபத்தா?

பதில்: இல்லை. காற்று பட்ட இடத்தில் பனி நேராக ஆவியாகி வறண்டுவிட்டது. ருசிதான் குறையும். ஸ்மூத்தியில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் நாள் முழுக்க வரவில்லை. எல்லாவற்றையும் கொட்ட வேண்டுமா?

பதில்: முதலில், திறந்து பார்க்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் மூடியபடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். மின்சாரம் வந்தபின் பாருங்கள். பழத்தில் இன்னும் பனி ஒட்டியிருந்தால் மறுபடி உறையவைக்கலாம், கொஞ்சம் துவண்டுபோகும், அவ்வளவுதான். முழுதாக உருகி, ஆனால் சில்லென்று இருப்பதை அன்றே ஜாம் கிளறிவிடுங்கள். கிரீம் வைத்த கேக் குளிர்ச்சி போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால், மனம் வலித்தாலும் கொட்டிவிடுங்கள்.