ஒரு பரிமாண ஸ்பின் சங்கிலியை உண்மையான படிகத்தில் அளக்க முடியுமா?

படிகம் முப்பரிமாணப் பொருள்தானே, அதற்குள் ஸ்பின்கள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், வரிசையாகக் கோத்த ஒரு பரிமாணச் சங்கிலி எங்கிருந்து வந்தது, இருந்தாலும் எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காந்த அளவீடுகளோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அணுக்களின் அடுக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது. எந்தத் திசையில் ஸ்பின்களுக்கு இடையே பிணைப்பு வலுவாக இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பொட்டாசியம் காப்பர் ஃபுளோரைடின் படிக அமைப்பு கிட்டத்தட்டக் கனசதுரம். ஆனால் அதன் தாமிர அயனிகளின் ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் மேகங்கள்) திரும்பியிருக்கும் விதத்தால் ஒரே திசையில்தான் இடைவினை, அதாவது அந்தப் பிணைப்பு, வலுவாக இருக்கிறது. மற்ற இரண்டு திசைகளிலும் நூற்றில் சில பங்குதான். அந்தச் சொற்பப் பிணைப்பே 39 கெல்வினில் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி, படிகம் முழுக்க ஸ்பின்கள் ஒரே அமைப்பில் உறையும் முப்பரிமாணக் காந்த ஒழுங்கை உண்டாக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது காப்பர் பைரசின் டைநைட்ரேட். இடைவினையின் வலிமையை வெப்பநிலை அலகில் சொன்னால் சுமார் 10 கெல்வின். ஒழுங்கு தலைகாட்டுவதோ 0.1 கெல்வின் அளவில். நடுவில் உள்ள அகலமான இடைவெளி முழுவதும் சங்கிலிக்கே சொந்தம்.

வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே காந்த ஏற்புத்திறனை (வெளிக் காந்தப்புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதை) அளந்தால் வரைகோடு ஏறி, இடைவினையின் 0.64 மடங்கு வெப்பநிலையில் மழுங்கிய ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். 1964இல் பானர், ஃபிஷர் என்ற இயற்பியலாளர்கள் குறுஞ்சங்கிலிகளைக் கணக்கிட்டு, அதை நீட்டித்து இந்த வடிவத்தைத் தந்தார்கள். உச்சம் கிடைத்த உடனே சங்கிலி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டிரண்டாக இணைந்த ஸ்பின்களும் உச்சம் காட்டும். வேறுபாடு அதற்குக் கீழேதான்: ஜோடிகளில் ஏற்புத்திறன் பூஜ்யத்துக்குச் சரியும், சீரான ஸ்பின் ½ சங்கிலியில் (ஒவ்வொரு ஸ்பினின் அளவும் ½) பூஜ்யமாகாமல் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குளிர்ந்த பகுதியில்தான் குறைபாடுகளும் சத்தம் போடும். அணு ஒன்று விடுபட்டால் சங்கிலி அறுகிறது. துண்டில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஸ்பின்கள் இருந்தால் ஒன்று ஜோடியின்றி மிஞ்சும். அவை எல்லாம் சேர்ந்து வரைகோட்டின் வாலை, அதாவது குளிர்ந்த முனையை, தூக்கிவிடும். ஸ்ட்ரான்சியம் குப்ரேட் என்ற இன்னொரு சங்கிலிப் பொருளில் இந்த வாலுக்குக் காரணமான அதிகப்படி ஆக்சிஜனை, ஆர்கான் வாயுவில் சூடாக்கிக் குறைத்திருக்கிறார்கள். கணக்கில் கழிப்பதைவிட அது நேர்மையான வழி.

மாதிரியை எஃகு இடுக்கியால் தொடாதீர்கள். ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள் போதும், அளவீடு பாழ். மாதிரியை வைக்கும் ஜெலட்டின் குப்பியும் சிறிய எதிர்க்குறிச் சமிக்ஞை தரும். குப்பியைத் தனியே அளந்து கழித்துவிடுங்கள்.

நியூட்ரான்களைப் படிகத்தில் மோதவிட்டு அவை சிதறுவதை அளக்கும் நியூட்ரான் சிதறல் வசதி கிடைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சாதாரணக் காந்தத்தில் கூர்மையான கோடாகத் தெரியும் கிளர்ச்சி, இங்கே அகன்ற பட்டையாக விரிகிறது. நியூட்ரான் புரட்டிய ஒரு ஸ்பின், ஆளுக்கு ½ வீதம் ஸ்பினைச் சுமக்கும் இரண்டு கிளர்ச்சிகளாக (ஸ்பினான்கள்) பிரிந்து ஓடுவதே காரணம். (ஸ்பின் 1 சங்கிலி வேறு ஜாதி, 1983இல் இயற்பியலாளர் ஹால்டேன் சொன்ன ஆற்றல் இடைவெளி, அதாவது முதல் கிளர்ச்சிக்கே தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல், அங்கே வரும்.)

அது கிடைக்காவிட்டால் வெப்ப ஏற்புத்திறனை அளந்து பாருங்கள். மின்சாரம் கடத்தாத பொருளாக இருந்தும், தாழ்ந்த வெப்பநிலையில் உலோகத்தைப் போல நேர்கோட்டில் ஏறும். அந்தச் சாய்விலிருந்து கிடைக்கும் இடைவினையும் உச்சத்திலிருந்து கிடைத்ததும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள்.