கோபுரம் தெரிந்தும் அழுகை வரவில்லையே, அண்ணாச்சி!

கேள்வி: அண்ணாச்சி, இந்தத் தைப்பூசத்துக்கு முதல் தடவையாகப் பச்சை வேட்டி கட்டி, சங்கரன்கோவிலில் இருந்து திருச்செந்தூருக்கு நடந்தேன். கோபுரம் தெரிந்ததும் கூட வந்தவர்கள் அரோகரா சொல்லி அழுதார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நேராக வரிசையில் நின்று சாமி பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். என் பக்தியில்தான் குறையா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: குறையெல்லாம் இல்லை தம்பி. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று ராத்தூக்கம் கெட்டு நடந்தவனுக்கு, அடுத்த மோர்ப்பந்தல் எங்கே, பின்னால் லாரி வருகிறதா, கால் நீட்ட எங்கே இடம் கிடைக்கும் என்பதிலேயே மனசு ஓடிக்கொண்டிருக்கும். கோபுரத்தைப் பார்த்த நொடியிலேயே அது நின்று உருகிவிடுமா? சிலருக்கு உருகும். அவர்கள் அழுததும் நிஜம்தான், உங்களுக்கு வராததும் நிஜம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது ஒன்பது நிலை மேலக்கோபுரம். சாமியோ கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறார். நம் பக்கத்தில் இருந்து நடந்து போகிற எல்லாருமே அவருக்கு முதுகுப் பக்கமாகத்தான் போய்ச் சேருகிறோம், அந்த வாசலும் வழக்கமாக அடைத்தே கிடக்கும், சுற்றிக்கொண்டு தெற்கே சண்முக விலாசத்துக்குத்தான் போக வேண்டும். கோபுரம் தெரிந்த இடத்தில் நம் நடை முடிவதே இல்லை. தூண்டுகை விநாயகரைக் கும்பிட்டு, கடலில் முங்கி, நாழிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, அப்புறம் சந்நிதி என்று பெரியவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்களே, நடந்து வந்த பரபரப்பு அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அலை அடிக்கிற தூரத்தில் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. நீங்கள் நேராக வரிசைக்கு ஓடியதுதான் எனக்கு வருத்தம். அடுத்த வருஷம் ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள். கூட்டம் வடிந்த பிறகு, காலை 5 மணிக்கு நடை திறக்கிற ஒரு சாதாரண நாளில் இன்னொரு தடவை போய் நின்றாலும் சரிதான், பன்னீர் இலை விபூதியை வாங்கிக்கொண்டு பிராகாரத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். அப்போதும் அழுகை வரவில்லையா, வராமலே இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. நடந்து பாதமெல்லாம் கொப்புளம். அப்படியே கடலில் குளிக்கலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: கொப்புளம் உடைந்திருந்தால் வேண்டாம் தாயீ. சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், புண் பெரிதாவதே தெரியாது, கடல் தண்ணீரும் மணலும் உள்ளே போனால் சீழ் வைத்துவிடும். கடல் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், முருகன் கோபிக்க மாட்டார். உடையாத கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, ஊருக்குத் திரும்பும் வரை தள்ளிப்போடாமல் அங்கேயே டாக்டரிடம் காட்டுங்கள். மத்தியானச் சுடுமணலில் மட்டும் அம்மாவை வெறுங்காலோடு இறக்கிவிடாதீர்கள்.