புள்ளியே இல்லாத அதிவேகச் சுற்றுக்கு ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?

"2025 முதல் அதிவேகச் சுற்றுக்குப் புள்ளி கிடையாது. இனி அதற்கு என்ன மதிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பந்தயத்தில் யாராவது ஒருவர் மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டி முடிக்கும் ஒற்றைச் சுற்றுதான் அதிவேகச் சுற்று. மதிப்பு இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

நான் நுவரெலியாக்காரன். ஏப்ரல் சீசனில் இங்கே மாகாஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும். தேயிலை மலைக்கு நடுவே ஒடுங்கிய வளைவுப் பாதை. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். முந்துவதற்கு முன்னால் ஆள் இல்லை, எதிராளி கடிகாரம்தான். சின்ன வயதில் மாமாவோடு தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று பார்ப்பேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வரும். ஓட்டுநர் எங்கே ஆக்சிலேட்டரை விடுகிறார், எங்கே திரும்ப மிதிக்கிறார் என்பதை மாமா காதாலேயே கண்டுபிடிப்பார். "அவசரப்பட்டு மிதிச்சிட்டான், பாரு" என்பார். சொன்ன மாதிரியே அந்தக் கார் வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் வழுக்கி ஓரத்துப் புல்லை உரசும். அந்த ஓட்டம் அங்கேயே கெட்டுவிடும். அதிவேகச் சுற்றும் அப்படித்தான், கடிகாரத்தோடு போட்டி.

ஃபார்முலா 1-இல் 1950 முதல் 1959 வரை அதிவேகச் சுற்றுக்கு ஒரு புள்ளி இருந்தது. 1954-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நேரத்தை முழு வினாடியில்தான் குறித்தார்கள். ஏழு பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்க, ஒற்றைப் புள்ளியை ஏழாகப் பிரித்துக் கொடுத்தார்கள்! 1958-இல் ஸ்டிர்லிங் மோஸ் நான்கு பந்தயங்களில் வென்றார், மைக் ஹாத்தோர்ன் ஒன்றில்தான். ஆனால் சாம்பியன் ஹாத்தோர்ன்; அவருக்கு 42 புள்ளி, மோஸுக்கு 41. ஹாத்தோர்ன் ஐந்து பந்தயங்களில் அதிவேகச் சுற்றை எடுத்திருந்தார்.

அப்புறம் 2019-இல்தான் புள்ளி திரும்ப வந்தது, அதுவும் முதல் பத்து இடங்களுக்குள் முடித்தால் மட்டும். இடைப்பட்ட காலத்தில் ஓட்டியவர் மைக்கேல் ஷூமேக்கர். அவர் எடுத்த 77 அதிவேகச் சுற்றுகளில் ஒன்றுக்குக்கூடப் புள்ளி கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த நேரத்தை வைத்து 'இவர்தான் வேகமான ஓட்டுநர்' என்று முடிவுகட்டக் கூடாது. 2010-இலிருந்து பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப முடியாது. தொடக்கத்தில் முழுப் பந்தயத்துக்குமான எரிபொருளைச் சுமக்கும் கார், கடைசிச் சுற்றுகளில் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பின்னால் போதிய இடைவெளி இருப்பவர் பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடம்) போய், நன்றாகப் பிடிக்கும் புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டு வந்தால் நேரம் சட்டென்று இறங்கும். இழக்க எதுவும் இல்லாதவருக்கு இது இன்னும் சுலபம்.

2024 சிங்கப்பூரில் அப்படித்தான் நடந்தது. கடைசி இடத்தில் இருந்த டேனியல் ரிக்கார்டோ, வெற்றிபெற்ற லேண்டோ நோரிஸிடமிருந்து அதிவேகச் சுற்றைப் பறித்தார். ரிக்கார்டோவுக்குப் புள்ளி இல்லை, ஆனால் நோரிஸுக்கும் போய்விட்டது. சாம்பியன் பட்டத்துக்காக நோரிஸ் அப்போது துரத்திக்கொண்டிருந்த வெர்ஸ்டப்பனின் அணிக்கும் ரிக்கார்டோவின் அணிக்கும் முதலாளி ஒன்றுதான். வெர்ஸ்டப்பனுக்கு உதவத்தான் இப்படிச் செய்தார்களோ என்ற சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. அதற்காகப் புள்ளியையே எடுத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் பத்துப் பேருக்குள் யார் வேகமோ அவருக்குக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும். முன்னால் போகிறவர் தனியாக ஓடும் சலிப்பான பந்தயத்தில்கூடக் கடைசி ஐந்து சுற்றுக்கு என்னை டிவி முன்னால் உட்காரவைத்தது அந்த ஒரு புள்ளிதான்.