ஒரு வீட்டுக்கு எதற்கு அகழி?

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் அகழி சூழ்ந்த பழங்கால ஊரான யோஷினோகரி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இணையத்தில் துழாவினேன். அங்கேயே குன்மா மாகாணத்தில் மித்சுதேரா என்ற இடத்தில் ஒரே ஒரு மாளிகையைச் சுற்றிப் பெரிய அகழி கிடைத்திருக்கிறதாம். அவ்வளவு சண்டையா அங்கே? நேரில் போனால் பார்க்க முடியுமா?

வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

சண்டை பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அகழியின் அகலம் 30 முதல் 40 மீட்டர். நடுவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 86 மீட்டர் கொண்ட சதுர மேடை. சரிவெல்லாம் கல் பதித்து, மேலே மரவேலி போட்டிருக்கிறார்கள். ஆனால் எதிரியைவிட, சொந்தக் குடிகளைத் தள்ளி நிறுத்தத்தான் இதை வெட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோஷினோகரி அதற்கு முந்தைய யாயோய் காலத்தது, அதாவது ஜப்பானில் நெல் விவசாயம் பரவிய காலம். அதன் வெளி அகழி சுமார் இரண்டரை கிலோமீட்டர். பெரிய மனிதர்களுக்கு உள்ளே தனி வளாகம் இருந்தாலும், ஊரே அந்த அகழிக்குள்தான். மித்சுதேரா கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. இங்கே தலைவன் ஊரைவிட்டு விலகிப்போய், தனக்கு மட்டும் அகழி வெட்டிக்கொள்கிறான். செத்த பிறகும் அதே கதைதான். சுமார் ஒரு கிலோமீட்டரில் ஹொதோடா கல்லறை மேடுகள். இந்த மாளிகைக்காரர்களுடையவை என்கிறார்கள். அவற்றில் ஹச்சிமன்சுகா என்ற மேட்டைச் சுற்றி இரண்டு அகழிகள்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தண்ணீர் சமாச்சாரம். உள்ளே கிணறு இருக்கிறது. அது போதாதென்று, அகழிக்கு மேலே மரத்தொட்டிப் பாலம் கட்டி வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அது கல் பாவிய ஓரிடத்தில் ஓடியிருக்கிறது. அங்கே சடங்குக்கான சின்னச் சின்ன கல் உருக்கள் கிடைத்தன. குடிக்க இல்லை, சடங்குக்கு. வயலுக்குத் தண்ணீர் விடுகிறவனே தண்ணீருக்குச் சடங்கும் செய்தால் ஊரில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? வளாகத்துக்குள்ளேயே உலோக வேலை நடந்த தடயமும் உண்டு. ஆக, பட்டறையும் அவன் கையில்தான்.

6ஆம் நூற்றாண்டில் ஹருணா எரிமலை வெடித்ததையொட்டி மாளிகையின் காலம் முடிந்தது. 1981இல் ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்குப் பாதை போடும்போதுதான் வெளியே வந்தது. பாதை அதன் மேலேயே போகிறது, அதனால் அங்கே போய் நின்றால் ஒன்றும் தெரியாது. ஹொதோடா மேடுகளை ஒட்டி அருங்காட்சியகம் இருக்கிறது. மாளிகையின் மாதிரியை அங்கே பாருங்கள், அப்புறம் ஹச்சிமன்சுகாமேல் ஏறுங்கள். தகாசாகி நிலையத்தில் இறங்க வேண்டும்.

அன்புடன்.