லத்தீன் படிக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் மகனின் இரண்டு நோட்டுகளும் கிடைத்தன. மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி, பெங்களூர் ஃபிரேசர் டவுன் வீட்டிலேயே செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி முறையில் தாங்கள் பயிற்றுவித்து வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பிற்காலத்தில் கல்லூரியில் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் எந்த வழியாக என்பதைத் தாங்களும் கணவரும் இந்த ஓராண்டுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கல்விமுறையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்று இடைக்கால ஐரோப்பியப் பள்ளிகள் வகுத்த மூன்று படிகளைப் பிள்ளையின் வளர்ச்சிப் பருவங்களோடு பொருத்தி 1947இல் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரை ஆற்றினார்; தாங்கள் தருவித்திருக்கும் அமெரிக்கப் பாடநூல்கள் அந்த வழியில் வந்தவையே. ஆத்திசூடியையும் நிகண்டையும் முதலில் நெட்டுருப் போடச் சொன்ன நம் திண்ணைப் பள்ளிக்கு இது அந்நியமன்று. (லத்தீனும் அப்படித்தான், குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் வீரமாமுனிவர் அம்மொழியில் பெயர்த்திருக்கிறார்.) விவிலியத்தில் வரும் யோனா தீர்க்கதரிசி நினிவே நகருக்குப் போக மறுத்ததற்கு மூன்று காரணங்களை அடுக்கிய தங்கள் மகன், மூன்றாவதைத் தாமே அடுத்த பத்தியில் மறுத்து எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

கணக்கு நோட்டோ பின்னங்களோடு நின்றுவிட்டது. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கையும் அம்மூன்றுக்கு அடுத்த கட்டமாக வைத்திருந்தது அதே மரபு. ஆகவே கணக்கை ஒதுக்கிவிட்டு அதைச் செவ்வியல் கல்வி என்று சொல்வதற்கில்லை. நாளைக்கு ஒரு மணி நேரம் கணக்குக்கென்று ஒதுக்குங்கள். அதற்காக லத்தீனைக் கைவிட வேண்டாம்.

இனி சான்றிதழ். பாடநூல் நிறுவனம் தரும் வீட்டுப்பள்ளிச் சான்றிதழை நம்பியிருக்காதீர்கள். இங்குள்ள பல்கலைக்கழகங்கள் கேட்பது அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே. வீட்டிலிருந்தே அதைப் பெற, தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது. பதினான்கு வயது நிரம்பியவர் ஐந்து பாடங்களுடன் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம்; தமிழை மொழிப்பாடமாகவும் எடுக்கலாம். அச்சான்றிதழை வைத்து மருத்துவம் படிக்க முடியாது என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2018இல் அப்படியொரு தடை வந்தது உண்மை. அதை அவ்வாண்டே டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது, 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

எனக்குள்ள கவலை வேறு. கணவர் விரும்பும் பொறியியலுக்குக் கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டுமானால், பொதுவான விதிப்படி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகளேனும் இம்மாநிலப் பள்ளி, கல்லூரிகளில் படித்திருக்க வேண்டும். தங்கள் மகன் பெங்களூரில் படித்தது மூன்று ஆண்டுகள். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் பி.யு.சி. முடிக்கையில் சரியாக ஏழு வரும், ஓராண்டு தவறினாலும் போயிற்று. எட்டில் சேர்ந்தால் எட்டு. மேலும், பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகை செய்வது தொடக்கக் கல்விக்கு, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்குமே. ஒன்பதில் சேர்க்கப் பள்ளிகள் தயங்குவது வழக்கம்.

எனவே பொறியியல் என்று முடிவானால் வரும் ஆண்டே எட்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, லத்தீனையும் தர்க்கத்தையும் மாலையில் தொடர்வதே என் யோசனை. தாங்கள் நினைப்பதுபோல் இறையியல் என்றால் வீட்டிலேயே இருந்து என்.ஐ.ஓ.எஸ். எழுதலாம், ஆனால் ஏதேனும் ஒரு பட்டத்தை முடித்த பிறகே, 1910 முதல் இவ்வூரில் இருக்கும் ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு அனுப்புங்கள். பிற்காலத்தில் மனம் மாறினால் கையில் ஒரு பட்டமாவது இருக்கும். இறையியலுக்காகக் கிரேக்கம் படிக்கும்போது, இப்போது கற்ற லத்தீன் இலக்கணம் கைகொடுக்கும்.

முடிவு எதுவானாலும், முதல் மூன்று வகுப்புகளுக்கான படிப்புச் சான்றை அந்தப் பள்ளியிலிருந்து இம்மாதமே வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலரின் (பி.இ.ஓ.) அலுவலகத்தில் மேலொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை நேரத்தில் அதற்காக அலைவது பெரும் சிரமம்.