பழைய சேலைகளில் போர்வை தைக்க வீட்டில் தனி அறை தேவையா? ஹாலில் ஓரமாக மிஷினைப் போட்டால் போதாதா?

கேள்வியைப் பார்த்தால் தைக்கப் போவது நீங்கள் இல்லை என்று தோன்றுகிறது. உங்கள் மனைவியோ அம்மாவோ பழைய சேலைகளைச் சேர்த்துப் போர்வை, பை, தலையணை உறை என்று தைக்க ஆசைப்பட்டு, வீட்டில் சும்மா கிடக்கும் அறையைக் கேட்டிருப்பார். "ஹாலில் ஒரு ஓரமாகப் போட்டுக்கொள்ளேன்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். இதே பேச்சை என் வீட்டில் பல வருடம் கேட்டவள் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தேவை. கதவு உள்ள அறையாகவே தேவை.

ஜாக்கெட் தைக்க ஓரம் போதும். மடியில் அடங்குகிற துணி அது. போர்வை அப்படி இல்லை. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் இரண்டு மூன்று பழைய சேலை மடிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். மிஷினைச் சுவரோரம் ஒட்டிப் போட்டால் போர்வை பின்பக்கம் நகர இடம் இருக்காது. இடப்பக்கம் மேஜை இல்லாவிட்டால் அதன் கனம் கீழே தொங்கி, ஊசி குத்தியிருக்கும்போதே துணியை இழுக்கும். தையல் தப்பும், ஊசி வளையும், உடையும். "எனக்குக் கை வரவில்லை" என்று பாதியில் விட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் மிஷின் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் சுவர்தான் காரணமாக இருந்தது.

நான் 2000த்திலிருந்து 11 வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிங்கர் டெய்லர், அதாவது ஒற்றை ஊசி மிஷினில் தைப்பவள். அங்கே என் மிஷினுக்கு என்று ஒரு இடம். ஊசிக்கு நேர் மேலே டியூப்லைட். இடப்பக்கம் பீஸ் வைக்கப் பலகை. தைத்து முடித்ததை எடுத்து அடுக்க ஒரு கைமடி, அதாவது கூடமாட உதவும் ஆள். யாரோ கடல் தாண்டிப் போட்டுக்கொள்ளப் போகிற பனியனுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்தார்கள், ஏனென்றால் இடம் சரியில்லை என்றால் பீஸ் கெட்டுவிடும் என்று முதலாளிக்குத் தெரியும். என் வீட்டில் என் பிள்ளைக்குத் தைக்கும்போது மட்டும் ஓரம் போதும் என்றால் அது எப்படி நியாயம்?

கம்பெனி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினார்கள். சாயக் கழிவு கலந்துகொண்டிருந்த நொய்யல் ஆற்றுக்காக அது செய்ய வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் துணி சாயமேறி வர வெளியூர் போக வேண்டியதானதும் சின்ன கம்பெனிகளுக்கு வேலை குறைந்துபோனது. எங்களுடையதை இழுத்து மூடிவிட்டார்கள். என் பி.எஃப். பணம் இன்றுவரை கைக்கு வரவில்லை. கம்பெனி எழுதிய பெயரில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். திருத்திக் கையெழுத்துப் போட முதலாளி வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். கம்பெனியே இல்லாத இடத்தில் முதலாளியை எங்கே போய்த் தேடுவது? 11 வருடம் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைத்த காசு அது. இதற்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2012இல் அம்மா தவறிப்போனார். பெட்டியில் 18 நூல் சேலைகள். சின்னாளப்பட்டி சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடிக்கு எடுத்தவை. "பாத்திரக்காரருக்குப் போட்டால் ஒரு குண்டாவாவது கிடைக்கும்" என்று அண்ணி சொன்னார். அவர் மேல் தப்பில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மொத்தத்தையும் நான் வாங்கி வந்துவிட்டேன். என் அம்மாயி (அம்மாவின் அம்மா) பழஞ்சேலையை நாலாக மடித்து, ஓட்டுத் தையல் போட்டுப் பிள்ளைகளுக்கு விரிப்பு தைப்பார். துவைத்துத் துவைத்துப் பதமான நூல் துணிதான் பச்சைக் குழந்தை உடம்புக்கு உறுத்தாது.

ஒவ்வொரு சேலையிலும் 3 துண்டு, மொத்தம் 54. ஒவ்வொன்றும் ஒன்பதரை அங்குலச் சதுரம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 9 அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 9. ஆக 54 அங்குல அகலம், 81 அங்குல நீளம், ஒரு ஆள் போர்த்திக்கொள்ளும் அளவு. பழைய சேலையில் துண்டு எடுப்பது கடைத் துணியில் வெட்டுவது போல அல்ல. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை விட்ட இடத்தை ஒதுக்கி, நேரிழை பார்த்து வெட்ட வேண்டும். ராத்திரி வேலை முடித்து வெட்டியதில் இரண்டு வாரம் போனது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று தரையில் பரப்பி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிவப்பு அடுத்த சிவப்பைக் கொன்றுவிடும், நடுவில் ஒரு வெளிர் நிறத்தை வைத்தால் இரண்டும் எழுந்து நிற்கும். தள்ளி நின்று பார்த்து, மாற்றி, மறுநாள் காலை வெயிலில் பார்த்து, மறுபடி மாற்றி, ஹாலில் நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்காக வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது தரை சுத்தமாக இருந்தது. நாத்தனார் சொன்னார்: "கந்தத் துணியெல்லாம் காலுல மிதிபட்டுட்டுக் கெடந்துது அம்மிணி, மூட்டை கட்டி வெச்சுட்டேன்." நல்ல எண்ணத்தில் செய்தார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்தான் சமையலில் பாதி பார்த்தார். ஆனாலும் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

மூட்டையைப் பிரித்து எண்ணினால் 52. ஒன்று யாரோ வண்டி சீட் துடைத்து எறிந்திருந்தார்கள். இன்னொன்று அடுப்படியில், சுடுபாத்திரம் இறக்கும் கரித்துணியாக, நடுவில் கருகி ஓட்டை விழுந்து கிடந்தது. மாம்பழ நிறம், பச்சைக் கரை. என்னை முதல்முதலாகக் கம்பெனியில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அம்மா கட்டியிருந்த சேலை. அதில் கிழியாத பாகம் மூன்று துண்டுக்குத்தான் தேறியிருந்தது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஹாலில் கிடந்தால் அது வேலை என்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் அறை இருந்ததா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். இல்லைதான். ஆனால் அவர்கள் தைத்த முறையைப் பாருங்கள். வங்காளத்துக் காந்தா, பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே கையால் தைப்பது. சுருட்டி எடுத்து வைத்துவிடலாம், திண்ணையிலும் தைக்கலாம். கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாபூர் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். அதில் துண்டுகளை முதலில் தரையில் பரப்புவதே இல்லை. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். மூலையில் சின்னதாய் ஒரு பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். வீட்டுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றபடி முறையை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளில் தைத்த போர்வைகள், 2002இல் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஓவியம் போலத் தொங்கின. 2006இல் அந்த நாட்டு அஞ்சல் தலையாகவே வந்தன. அவர்களும் வசதியான வீட்டுப் பெண்கள் இல்லை. அவர்களுக்கு அறை இல்லாதது அவர்கள் பட்ட கஷ்டம். உங்கள் வீட்டில் அறை இருந்தும் கொடுக்காமலிருக்க அதைக் காரணமாகக் காட்டாதீர்கள்.

வாடகைக்கு ஒரே அறையில் இருப்பவர்களும் என்னைத் திட்ட வேண்டாம். நானும் லைன் வீட்டில் இருந்தவள்தான். அப்படி என்றால் சித்திப் பெண்கள் முறையில் கையால் தையுங்கள். இல்லாவிட்டால் பழைய படுக்கை விரிப்பின் மேல் துண்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் ஊக்கால் குத்தி, விரிப்போடு சேர்த்துச் சுருட்டி அலமாரி மேல் வையுங்கள். அடுக்கு கலையாது. நான் 2013இலிருந்து 2019 வரை அப்படித்தான் ஓட்டினேன்.

2019இல் எனக்கு அறை கிடைத்த கதையையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். எங்கள் வீட்டில் மேற்குப் பக்கம் விருந்தாளி அறை என்று ஒன்று. கட்டில், மெத்தை, புது விரிப்பு, எப்போதும் தயாராக இருக்கும். 2018 முழுக்க அந்த அறையில் யாராவது தங்கிய நாளை மட்டும் தினசரி காலண்டரில் வட்டம் போட்டு, தாளைக் கிழித்து வைத்தேன். வருடக் கடைசியில் 9 தாள். அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன், வாதாடவில்லை. எண்ணிப் பார்த்தார். மறுநாள் அவரே கட்டிலைப் பிரித்துப் பரணில் ஏற்றினார். விருந்தாளிக்கு 9 நாள், எனக்கு 356 நாள். இப்போது யாராவது வந்தால் ஹாலில் மெத்தை போடுகிறோம், யாரும் குறைப்பட்டதில்லை.

அறை கொடுப்பதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெரிய அறை வேண்டாம், என்னுடையது 10க்கு 8 அடி. மிஷின் நடுவில் வரட்டும், இடப்பக்கமும் பின்பக்கமும் மேஜை. வெட்டும் மேஜைதான் எல்லோரும் தப்பு செய்யும் இடம். சாப்பாட்டு மேஜை இரண்டரை அடி உயரம், அதில் குனிந்து வெட்டினால் ஒரு மாதத்தில் இடுப்பு போய்விடும். கால்களுக்கு அடியில் கட்டை வைத்து மூன்று அடிக்கு உயர்த்துங்கள். அயர்ன் பாக்ஸ் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு தையலையும் தேய்த்துப் படிய வைத்தால்தான் அடுத்த தையல் நேராக வரும். ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாகப் பிடித்தால் என்ன என்று தோன்றும். 9 துண்டு இணைக்க 8 தையல், இரண்டு துண்டிலும் ஒவ்வொரு நூல், கடைசியில் போர்வை 2 அங்குலம் குட்டையாகி, பக்கத்து வரிசையோடு சேராமல் நிற்கும். ஊசி 14ஆம் நம்பர், அடுக்கு கூடினால் 16.

துணியை வெட்டும் முன் துவைத்தே ஆக வேண்டும். சுங்குடிச் சிவப்பை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். எனக்கு ஒருமுறைகூட நின்றதில்லை. ஈரத் துணியை வெள்ளை வேட்டித் துண்டின் மேல் அழுத்திப் பார்ப்பேன், நிறம் ஒட்டினால் அந்தச் சேலை போர்வைக்கு வராது. திருப்பூர்க்காரர்கள் பனியன் கட்பீஸை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதையும் சேலைத் துணியோடு சேர்க்காதீர்கள். பனியன் துணி இழுபடும், நூல் துணி இழுபடாது, இரண்டும் சேர்ந்தால் போர்வை முறுக்கிக்கொள்ளும்.

அம்மாவின் போர்வை அந்த அறை கிடைத்த முதல் மாதத்திலேயே முடிந்தது. பழைய அடுக்கு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, போட்டோ எடுத்து வைக்கவில்லை. புதிதாகத்தான் அடுக்கினேன். குறைந்த இரண்டு இடத்தில் அப்பாவின் வேட்டித் துண்டை வைத்தேன். அண்ணி ஒருநாள் வந்து விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு, "இது எங்க கல்யாணத்துக்குக் கட்டுனது, இது பெரியவன் பொறந்தப்போ" என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். போகும்போது அவருடைய அம்மாவின் சேலைகள் 6 இருப்பதாகச் சொன்னார். அவை இப்போது என் மேஜை மேல் இருக்கின்றன.

உங்கள் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், மிஷின் மிதி மிஷினா மோட்டார் மிஷினா என்று எழுதுங்கள். எங்கே போட்டால் வெளிச்சம் ஊசி மேல் விழும் என்று சொல்கிறேன்.