ஹார்மோன் எடுக்கிறதால பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு கிளைம் கிடையாதா?

வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "நான் திருநங்கை, டாக்டர் சொல்லி ஹார்மோன் எடுத்துட்டு இருக்கேன். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் பண்ணணும். கேஷ்லெஸ் கேட்டா, ஹார்மோனாலதான் கல் வந்துச்சு, பாலின மாற்று சிகிச்சை பாலிசில வராதுன்னு மறுத்துட்டாங்க. ஒரு ஏஜென்ட் பணம் கொடுத்தா கிளைம் வாங்கித் தர்றேங்கிறார், கொடுக்கலாமா?"

கொடுக்காதீங்கம்மா, ஒரு பைசா கூட கொடுக்காதீங்க. காரணத்தை அப்புறம் சொல்றேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எக்ஸ்க்ளூஷன் கோட் 07, அதாவது இதுக்கெல்லாம் பணம் தர மாட்டோம்னு பாலிசில எழுதியிருக்கிற விலக்குகள்ல ஒண்ணு. கிட்டத்தட்ட எல்லா ஹெல்த் பாலிசிலயும் இருக்கும், எடுத்துப் படிங்க. உடம்போட தன்மையை எதிர்பாலினத்துக்கு மாத்துறதுக்கான சிகிச்சைச் செலவு கிடையாது, அவ்வளவுதான் அதுல இருக்கு. பித்தப்பையை எடுத்தா யாரோட பாலினமும் மாறாது. ஈஸ்ட்ரோஜன் கல் வர்ற வாய்ப்பைக் கூட்டும்ங்கிறது உண்மைதான், ஆனா மெனோபாஸுக்கு அதே மாத்திரை எடுக்கிற அம்மாவுக்கும் கல் வருது, அவங்ககிட்ட இப்படி யாரும் கேக்கிறதில்ல.

2019-ல வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம், 15-ஆம் பிரிவுல, ஆபரேஷன், ஹார்மோன், லேசர் எல்லாத்துக்கும் சேர்த்து காப்பீட்டுக்கு அரசு ஏற்பாடு பண்ணணும்னு சொல்லுது. அதே 2019-லதான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் கோட் 07-ஐ எழுதிக் கொடுத்துச்சு. ஒரு கை கொடுன்னுது இன்னொரு கை கொடுக்காதங்குது, நடுவுல ஆஸ்பத்திரி கவுண்டர்ல நிக்கிறது நீங்க. எனக்கு இதை நினைச்சாலே ஆத்திரமா வருது.

சரி, இப்ப செய்ய வேண்டியது. கேஷ்லெஸ் மறுத்தா கிளைமே போச்சுன்னு அர்த்தமில்ல, வலி அதிகம்னா தள்ளிப்போடாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டு பில்லைக் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போடுங்க. மறுப்பை எந்தக் கோடுன்னு போட்டு எழுத்துல கேளுங்க, போன்ல சொன்னது செல்லாது. கம்பெனிக்குள்ளயே கிளைமைப் பரிசீலிக்கிற கிளைம் ரிவ்யூ கமிட்டியோட ஒப்புதல் இல்லாம நிராகரிக்கக் கூடாதுன்னு 2024-லயே விதி வந்தாச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிப் பாருங்க, டூட்டி டாக்டர் முதல் வரிலயே 'திருநங்கை, ஹார்மோன் சிகிச்சையில் உள்ளவர்'னு எழுதிட்டு கல்லைக் கீழ எங்கயோ போட்டிருப்பார், கிளைம் பாக்கிறவங்க அந்த முதல் வரியோட நின்னுடுவாங்க. ஹார்மோனை மறைக்கச் சொல்லல, நோய்னு போடுற இடத்துல பித்தப்பைக் கல்னு தெளிவா இருக்கணும்.

கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க, தமிழ்நாட்டுக்குச் சென்னைல ஆபீஸ் இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ள போடணும், ஃபீஸ் கிடையாது, 50 லட்சம் வரைக்கும் உத்தரவு போடலாம். அங்க வக்கீல், ஏஜென்ட் யாரும் உங்களுக்காகப் புகார் கொடுக்கவே முடியாது. அப்ப அந்த ஆள் எதுக்குப் பணம் கேக்கிறார்? இதே மாதிரி ஆளுங்கதான் நாளைக்கு பாலின ஆபரேஷனை ஹெர்னியான்னு மாத்தி பில் போடலாம்னு வருவாங்க. அது மோசடி. 60 மாசம் பிரீமியம் கட்டின பாலிசிய பழைய தகவலைக் கிளறிக் கேள்வி கேக்க முடியாதுன்னு இருக்கிற பாதுகாப்பு, மோசடிக்குக் கிடையாது. பாலிசியே போயிடும், அவன் போனை எடுக்க மாட்டான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதை மட்டும் நிதானமா படிங்க. உங்களோடது சொந்த பாலிசியா, வேலை பாக்கிற கம்பெனி போட்ட குரூப் பாலிசியான்னு நீங்க எழுதல. குரூப் பாலிசின்னா கோட் 07-ஐயே நீக்கி எழுத முதலாளியால பேரம் பேச முடியும், சில கம்பெனிங்க அப்படி வாங்கியும் இருக்காங்க. ஆனா அது எச்.ஆர். அனுப்புற ரெண்டு பக்க கையேட்டுல இருக்காது, எண்டார்ஸ்மென்ட்னு தனி இணைப்பா இருக்கும். "கவர் ஆகுமா"ன்னு கேட்டா ஆகாதுன்னு பழக்கத்துல சொல்லிடுவாங்க. முழு பாலிசி வேர்டிங்கையும் எல்லா எண்டார்ஸ்மென்ட்டையும் மெயில்ல கேளுங்க. நீக்கியிருந்தா இன்னைக்கு கல்லு மட்டுமில்ல, நாளைக்கு பாலின ஆபரேஷனுக்கும் கேக்கலாம். வேலையை விட்டா அந்த கவர் போயிடும், அதனால எதுவா இருந்தாலும் ராஜினாமா கொடுக்கிறதுக்கு முன்னாடி முடிச்சுக்கோங்க.

ஆதார்ல புதுப்பேரு, பாலிசில பழைய பேருன்னா அதையும் இந்த வாரமே மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துடுங்க.